திருடனின் முறை

திருடனுக்கு மட்டும் ஆறு விழவே இல்லை. ஜோசஃபினுக்கு விழுந்தது, அவள் கணவன் சிரிலுக்கு விழுந்தது, காய்ச்சலோடு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த மகள் மரியாவுக்காக உருட்டியபோதுகூட விழுந்தது. திருடனுக்காக உருட்டினால் ஒன்று, மூன்று, மறுபடியும் ஒன்று. பழைய கோட்டிலிருந்து பிய்த்த கறுப்புப் பொத்தான்தான் திருடன். அட்டையில் வரைந்த கேட்டுக்கு வெளியே அது மத்தியானத்திலிருந்து காத்துக்கிடந்தது.

ஆட்டம் சிரிலின் கண்டுபிடிப்பு. விவேக் நகர் சர்ச் திருவிழாவில் ஸ்டால் போட்டு எல்லாரையும் ஆடவைக்கப் போகிறானாம். படம் வரையக் கற்பனைக்கு எங்கே போவது? தாங்கள் குடியிருக்கும் வீட்டையே சார்ட்டில் வரைந்துவிட்டான். கேட், ஹால், சமையலறை, கடைசியில் உள்ளறை. "நல்லவேளை, ஹவுஸ் ஓனரை வரையல" என்று ஜோசஃபின் கிண்டலடித்தாள். மரியா படுக்கப் போகும்முன் தன் சிவப்பு மணியை உள்ளறைக் கட்டத்தில் வைத்து, "நான் இங்கதான் இருப்பேன், எனக்கும் சேர்த்து ஆடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விதிகள் சுலபம். கேட்டைத் தாண்டி உள்ளே வரத் திருடனுக்கு ஆறு வேண்டும்; வந்தபின் முறைக்கு ஓர் அறையாக நகர்வான். உள்ளே இருக்கும்போது ஆறு விழுந்தால், தான் நிற்கும் அறையிலுள்ள காயைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவான். காயைப் பறிகொடுத்தவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அலுத்துப்போகுமே என்று ஒரு திருத்தம் செய்திருந்தார்கள்: திருடன் காயோடு போனபின் அந்த அறையிலேயே கிடக்கும் பொத்தானையே அவர் தன் காயாக வைத்து ஆடலாம். அது ஜோசஃபினின் யோசனை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

விளக்கு வைக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட்டும் போனது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிரில் கொட்டாவி விட்டான்.

"இப்படியே போனா ஸ்டால்ல ஒருத்தன் நிக்கமாட்டான் ஜோசி."

"உள்ள வர ஆறு வேணாங்க. எது விழுந்தாலும் வரட்டும்."

அவளே உருட்டினாள். இரண்டு. பொத்தானை ஹாலுக்குள் நகர்த்தினாள்.

வெளியே கேட்டின் கொண்டி கிளிக்கென்று விழுந்தது.

"காத்துக்கு" என்றான் சிரில். இருக்கலாம். ஆனால் காற்றோடு வந்த மழைவாசனைக்கு நடுவே, நாள்கணக்கில் காயாமல் சுருட்டி வைத்த கம்பளித் துணியின் புளித்த நாற்றமும் வந்தது. அது வாசல் திரையைத் தாண்டி, ஜோசஃபினின் முதுகை உரசினாற்போல் கடந்து, அவளுக்குப் பின்னாலேயே எங்கோ தயங்கி நின்றது. திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பார்த்தாள். பீரோவின் நிழல்தான்.

அடுத்த முறை. சிரில் உருட்டினான். நான்கு. பொத்தான் சமையலறைக்குப் போனது. சமையலறையில் பால்சட்டியின் மூடி மெல்ல நகர்ந்து, மறுபடி சட்டியின் மேலேயே மூடப்பட்டது.

"பூனை" என்றான் சிரில்.

"பூனை மூடுமா?"

அவன் பகடையை எடுத்தான்.

"வேணாங்க, விட்டுடலாம்."

"ஸ்வல்ப இரு ஜோசி, கொஞ்சம் பொறு. இப்பத்தான் ஆட்டம் சூடு பிடிக்குது." உருட்டிவிட்டான். ஐந்து.

பொத்தான் உள்ளறையில், சிவப்பு மணிக்குப் பக்கத்தில்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. குழந்தை புரள்கிற சத்தமல்ல. பெரியவர் ஒருவர் ஓரமாக உட்காருகிற சத்தம்.

திருடன் போகவேண்டும். வெளியே போகவேண்டும். வேறெதுவும் ஜோசஃபினுக்குத் தோன்றவில்லை. சிரிலின் கையிலிருந்து பகடையைப் பிடுங்கினாள். உருட்டினாள். மூன்று. மறுபடி. ஒன்று. ஏசுவே, ஒரே ஒரு ஆறு. உருட்டினாள்.

ஆறு.

ஈரநாற்றம் அவர்களைக் கடந்து போனது. திரை அசைந்தது. கேட்டின் கொண்டி, கிளிக்.

"போயிட்டான்!" ஜோசஃபின் சிரித்தேவிட்டாள்.

சிரில் சிரிக்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானத்திலிருந்து பகடை விழ விழக் காய் நகர்த்திய பழக்கத்தில், அவன் கை தானாகவே வேலையை முடித்திருந்தது. சிவப்பு மணி கேட்டுக்கு வெளியே இருந்தது. உள்ளறையில் பொத்தான் மட்டும்.

"ஜோசி... போறப்ப காயத் தூக்கிட்டுல்ல போவான்..."

அவள் ஓடினாள். இருட்டு. கட்டில். போர்வை. கை துழாவியது.

இருந்தாள். குழந்தை இருந்தாள். ஜோசஃபின் அவளை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டு கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. நெற்றியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சுங்க!" என்று கத்தினாள். அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் கம்பளி நாற்றம். தோளிலிருந்து.

வெளியே, கேட்டுக்கு அப்பால், மழையில், மரியா அழுதாள். "அம்மா... நனையிறேன்மா... கதவத் திறங்கம்மா..."

குரல் தெருவில் நகர்ந்து தேய்ந்தது.

கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இறுகின. மரியாவின் குரலை இன்னும் சரியாகப் பழகாத ஒரு குரல், அவள் காதோரம் கேட்டது:

"இப்ப என் முறைதானேம்மா?"