சூடு ஆறாத பைப்

பைப் சூடாக இருந்தது. மாமனார் அப்பாதுரை போய்ப் பதினாறு நாளாகிறது. அதற்கப்புறம் யாரும் அதில் புகையிலை அடைக்கவில்லை. ஆனாலும் துர்காதேவியின் கையில் அது இப்போதுதான் வாயிலிருந்து எடுத்த மாதிரி கதகதவென்றிருந்தது.

மாமனாரிடம் புடவை வாங்க வந்த வெள்ளைக்காரர் கொடுத்த பைப். அதை அவர் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். சூடு ஆறாமல் குழலைத் திருகிக் கழற்ற மாட்டார், தண்ணீர் காட்ட மாட்டார், சாம்பலைக்கூட உள்ளங்கையில்தான் மெல்லத் தட்டிக் கொட்டுவார். பக்கவாதம் வந்து பேச்சு நின்ற பிறகும் வெறும் பைப்பைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தார். அப்பேர்ப்பட்டவர் செத்த அன்றைக்கு மூச்சு முட்டி, அதைக் கட்டில் சட்டத்தில் அடித்து அடித்துக் கூப்பிட்டார். துர்காவுக்குக் கேட்டது. 'இதுக்கு வேற வேலையில்ல' என்று டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

பாவி நான், பாவி.

அப்படி அடித்ததில் பைப்பில் விழுந்த விரிசலை மெழுகால் அடைத்து, கண்மை பூசி மறைத்திருந்தாள். "தூக்கத்துலயே போயிட்டாரு" என்று கணவன் குமாரவேலிடம் சொன்னவள் அவள்தான். விரிசலைப் பார்த்தால் அவனுக்குப் புரிந்துவிடும்.

"பைப் எங்கமா? அப்பாவுக்குப் புடிச்சதெல்லாம் எலையாண்ட வச்சிடணும்." குமாரவேல் அதை வாங்கி, அப்பா படுத்திருந்த அறையில், கட்டிலருகே இருந்த அவர் படத்தின் முன்னால், படையல் இலையோரம் வைத்தான். கற்பூரம் காட்டியதும் எல்லோரும் வெளியே போக வேண்டும். கதவைச் சாத்திவிடுவார்கள். செத்தவர் வந்து சாப்பிடும் நேரம். உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் திறக்கக் கூடாது.

கடைசியாக நகர்ந்த துர்கா திரும்பிப் பார்த்தாள். மெழுகு உருகி, கறுப்பாக இலையில் சொட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்ததும் அவன் முதலில் பார்ப்பது அதைத்தான். எடுத்துவிடலாமென்று ஓடினாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

ஒற்றை விளக்கு. வடை, பாயச வாசனையைத் தாண்டி எரிகிற புகையிலையின் நெடி. கட்டில் முனகியது. யாரோ எழுந்திருக்கிற முனகல்.

'ஏங்க' என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கை தொங்கியது. இடது கையால் கதவை அடித்தாள். மறுபடி. மறுபடி.

வெளியே பேச்சு அடங்கியது.

"கேக்குதா? அப்பா வந்துட்டாரு." கதவுக்கு அந்தப் பக்கம் குமாரவேலின் குரல். "யாரும் தொறக்காதீங்கபா. நிதானமா சாப்பிட்டுப் போவட்டும்."

அவள் தோளுக்கு மேலாக, பின்னாலிருந்து, புகை மெல்ல வந்து கதவில் படர்ந்தது.