காளான் பறித்தால் கைது!

"மேடம்... என்ர மனுசன் காளான் புடுங்கப் போனவர்... கொலைக் கேசில புடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்!"

சட்டத்தரணி சித்தி பரீதா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை முறைத்துப் பார்த்தாள். திருகோணமலையில் அவள் பார்க்காத வழக்கு இல்லை. வள்ளம் களவு, வேலிச் சண்டை, அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டவர்கள்...

ஆனால் காளான்?

"அழாமச் சொல்லுங்கோ. ஆர் நீங்கள்?"

"ஓட்டோ ஓடுற தவராசாட பெண்சாதி, மேடம். தங்கரத்தினம்."

"செத்தது ஆர்?"

"ஒரு வெள்ளைக்காரன்!"

பரீதா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கறுப்புக் கோட்டை எடுத்தாள். இனி அந்தத் தேநீர் ஆறுமே தவிர, குடிபடாது.

அது 2003ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். யுத்தம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நேரம். முடியவில்லை... ஓய்வுதான்! சோதனைச் சாவடிகள் அப்படியே இருந்தன. மண் மூட்டைகள் அப்படியே இருந்தன. சமாதானம் என்று புதிதாக வந்து இறங்கியது உல்லாசப் பயணிகள் மட்டுமே. அவர்களிலும் ஒருவன் இப்போது பிரேத அறையில்!

பொலிஸ் நிலையக் கூட்டுக்குள் தவராசா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மேடம், நான் கறிக்குத்தான் புடுங்கினனான்! சாணியில முளைக்கிறதைத் தேடினது அந்தப் பொடியன்!"

"எந்தப் பொடியன்?"

"மார்ட்டின். ஒல்லாந்துக்காரன். உப்புவெளியில ரூம் எடுத்து நிண்டவன். திண்டா வானத்தில பறக்கிற காளான் வேணுமாம். 'மேஜிக் மஷ்ரூம்... மேஜிக் மஷ்ரூம்...' எண்டு ஒரு கிழமையா என்ர உயிரை வாங்கினான். நேற்றுப் பின்னேரம்தான் கப்பல்துறைக் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன்."

முப்பாட்டன்மார் வந்தபோது இங்கே கோட்டையைப் பிடித்தார்கள். பேரன் மாட்டுச் சாணியைத் தேடி வந்திருக்கிறான். முன்னேற்றம்தான்!

"சரி... ஏன் கப்பல்துறைக்குப் போனனீங்கள்?"

"சோமசேகரம் முதலாளீட பழைய பட்டியடி அங்கதானே மேடம். மாடு அடைச்ச இடம். இப்ப பட்டியை வேற பக்கம் மாத்தீட்டார். மழை பெஞ்சா அங்க காளான் குவியும். மற்றது..."

"மற்றது?"

"மாடு நடந்த நிலத்தில மிதிவெடி இருக்காது."

பரீதாவால் அதை மறுக்க முடியவில்லை. இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் நடைபழகியதே மாட்டுக்குப் பின்னால்தான்.

"காணிக்காரரிட்ட உத்தரவு கேட்டனீங்களா?"

"காளானுக்கு ஆர் மேடம் உத்தரவு கேக்கிறது? கண்டவன் புடுங்குவான். அதுதானே எங்கட முறை!"

"முறை உங்களுக்கு. சட்டத்துக்கு அது தெரியாது. பிறகு என்ன நடந்தது?"



"நான் காணிக்கரையில, கறையான் புத்தடியில கறிக்காளான் புடுங்கிக்கொண்டு நிண்டனான். அவன் கொஞ்சத்தைப் புடுங்கி ஓட்டோவில இருந்த பையில போட்டுட்டு, இன்னும் வேணும் எண்டு அங்கால பட்டியடிப் பக்கம் போனான். திடீரெண்டு 'ஆ...!' எண்டு ஒரு அலறல்! நான் ஓடினன். முதலாளியும் வேலையாக்களும் வந்து என்னை மடக்கிப் பிடிச்சிட்டினம். கிட்டப் போகவே விடேல்லை. பொலிஸ் வரேக்க அவன் காணிக்கு நடுவில கிடந்தான்..."

"காளானைத் திண்டவனா?"

"சத்தியமா இல்லை மேடம்! ஒண்டையும் வாயில வைக்கேல்லை!"

வெளியே இன்ஸ்பெக்டர் முத்தலிப் காத்திருந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதருக்குரிய களைப்பு முகம் முழுக்க இருந்தது.

"நாலு குற்றம் மேடம். அத்துமீறல். களவு. ஓட்டோவில இருந்த காளான் பைக்காகப் போதைவஸ்து. அதுக்கு மேல வெள்ளைக்காரன்ட சாவு. பின்னேரம் நீதவானுக்கு முன்னால நிப்பாட்டோணும். கொழும்பில இருந்து காலமையே ரெண்டு ரெலிபோன் கோல் வந்திட்டுது."

"சாணிக்காளான் போதைவஸ்து எண்டு ஆர் சொன்னது?"

"கொழும்பில பரிசோதிச்சுச் சொல்லுவினம். அதுவரைக்கும் இவர் உள்ள இருக்கட்டும்."

அதுவரைக்கும்! கொழும்புக்குப் போன பொட்டலம் எப்போது திரும்பும் என்று ஜோசியக்காரனுக்கும் தெரியாது. அதற்குள் தவராசாவின் ஓட்டோ துருப்பிடித்துவிடும், பிள்ளைகள் அப்பன் முகத்தை மறந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பாக்கியரத்தினம் கையுறையைக் கழற்றியபடி வந்தார்.

"வயித்தில காளான் இல்லை மேடம். பாணும் வாழைப்பழமும்தான். ஆனா இந்தக் கையைப் பாருங்கோ."

வலது உள்ளங்கையில் ஒரு கருகிய கோடு!

"கரண்ட். கம்பியை இறுக்கிப் பிடிச்சிருக்கிறான்."

பரீதா அந்த முகத்தைப் பார்த்தாள். மீசை கூடச் சரியாக அரும்பாத பையன். எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் இன்னும் சேதி தெரியாமல் சமைத்துக்கொண்டிருப்பாள். பரீதா அழுதிருப்பாள்... பின்னேரத்துக்குள் உயிரோடிருப்பவனைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் அழவில்லை.

கப்பல்துறைக்குப் பறந்தாள்.

பட்டியடி வெட்டவெளியாகக் கிடந்தது. சாணி, காளான், சாணி. சுற்றிவரப் புதிதாக மூடிய குழிகள். கம்பி மட்டும் இல்லை!

"என்ன குழி இது?"

"மாடு கட்டின கட்டைக்குழி," என்றான் வேலையாள், வானத்தைப் பார்த்தபடி.

திரும்பி வந்து டொக்டர் சொன்னதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். அவர் மகிழவில்லை.

"யா அல்லாஹ்! இப்ப கேஸ் இன்னும் மோசம் மேடம். காளான் எண்டா விபத்து எண்டாவது சொல்லலாம். கரண்ட் எண்டா கொலை! அந்தக் காணியில கம்பியும் இல்லை, லைட்டும் இல்லை, நான் போய்ப் பார்த்தனான். கடைசியாக் கூட இருந்தவன் ஆர்? தவராசா!"

"கம்பி இருந்தது. கழட்டீட்டினம்."

"சாட்சி?"

"சோமசேகரம்."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காலமை தேத்தண்ணி குடிச்சனீங்களா மேடம்?"

"இல்லை. டொக்டர் சொன்னதை அவருக்குச் சொல்லாதேங்கோ. கூப்பிடுங்கோ. மிச்சத்தை அவரே சொல்லுவார்."

சோமசேகரம் முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் தங்க மணிக்கூடு. சுற்றியுள்ள காணிக்காரர் எல்லோரோடும் எல்லை வழக்குப் பேசி, எல்லாவற்றிலும் வென்றவர். பசியெடுத்தால் சிலர் சாப்பிடுவார்கள்... இவர் வழக்குப் போடுவார்!

"அட, ஓட்டோக்காரனுக்கு நீங்களே தங்கச்சி? பாவம்... உங்களைச் சொல்லுறன்."

"ஓம் ஐயா, பாவம்தான். நாலு குற்றத்தில மூண்டை அசைக்க ஏலாது போல கிடக்கு." பரீதா பெருமூச்சு விட்டாள். "ஆனா களவு நிக்காது."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏன் நிக்காது?"

"காளானை ஆரும் விதைக்கிறேல்லை. ஆரும் தண்ணி ஊத்துறேல்லை. கண்டவன் புடுங்குறான். சொந்தக்காரன் இல்லாத சாமானைக் களவெடுக்க ஏலுமே?"

"என்ர காணியில முளைச்சா அது என்ர!"

"விடுங்கோ முதலாளி," என்றார் இன்ஸ்பெக்டர். "மூண்டு குற்றம் காணும். களவை வெட்டிவிடுவம்."

"வெட்டுறதோ? என்ர வழக்கில இண்டுவரைக்கும் ஒரு சொல்லும் வெட்டுப்பட்டதில்லை! எழுதுங்கோ இன்ஸ்பெக்டர். அந்தக் காளான் என்ர. அதுக்காகத்தான் பட்டியையே மாத்தினனான். உப்புவெளியில விடுதி விடுதியாக் குடுக்கிறதும் நான்தான். விலை பேசி வைச்ச சரக்கு!"

இன்ஸ்பெக்டர் எழுதினார். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது.

"சரக்கு எண்டா காவல் இருக்கோணுமே ஐயா?" பரீதா விடவில்லை. "காலமை நான் போனனான். வேலியும் இல்லை, ஒண்டும் இல்லை. சந்தைக்குள்ள போற மாதிரிப் போயிட்டு வந்தன்."

"நேற்று வரைக்கும் கம்பி இருந்தது!"

"இண்டைக்கு எங்க?"

"அது... கழட்டிப் போட்டன்."

"ஓ... உடுப்புக் காயப்போடுற கொடியாக்கும்."

"கொடியோ?"

"வேறென்ன? ஆட்டுக்குட்டியும் தாண்டுற கம்பி. நீதவான் கேட்டால் சிரிப்பார். 'சோமசேகரம் காளானுக்கு நூல் கட்டிக் காவல் காத்தவர்' எண்டு பஸ் ஸ்டாண்டில நிண்டு கதைப்பினம். எத்தினை வழக்கு வெண்ட மனுசன்... கடைசியில காளானிட்டயே தோக்கிறது?"

முதலாளியின் காது மடல் சிவந்தது. பிறகு கழுத்து. பிறகு நெற்றி.

விருட்டென்று எழுந்தார். கதிரை பின்னால் விழுந்தது!

"நூலோ! நூலோ தங்கச்சி? பெரிய லைனில கொக்கி போட்டு இழுத்த கரண்ட் அது! ராப்பகலா ஓடின கரண்ட்! தொட்டா... யானையும் எழும்பாது!"

 

இன்ஸ்பெக்டர் பேனாவை மெதுவாக மேசையில் வைத்தார்.

"மனுசன் எழும்புவானோ முதலாளி?"

சோமசேகரம் விழுந்த கதிரையைத் தேடினார்.

"மார்ட்டின் எழும்பேல்லை. உள்ளங்கை கருகிப்போய் டொக்டரிட்டக் கிடக்கிறான். அந்தக் கம்பியிலதானே? கழட்டிப்போட்டு, பிரேதத்தை நடுக்காணிக்கு இழுத்ததும் நீங்கள்தானே?"

சோமசேகரத்தின் வாய் திறந்தது. 

"அது... நான்... அது காட்டுப்பண்டிக்குப் போட்டது!"

"இப்பதானே காளானுக்கு எண்டு எழுதினனான்!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். அவருடைய களைப்பில் பாதியைக் காணவில்லை.

"கவலைப்படாதேங்கோ முதலாளி. நாலு குற்றமும் அப்பிடியே இருக்கும். ஆக்களைத்தான் கொஞ்சம் மாத்திறன். அத்துமீறல் தவராசாவுக்கு. அவர் உத்தரவில்லாமப் போனது உண்மை, குற்றப்பணம் கட்டட்டும். சாவு உங்களுக்கு. காளான் உங்கட எண்டு நீங்களே சொன்னபடியால், கொழும்பில போதைவஸ்து எண்டு சொன்னால் அதுவும் உங்களுக்கு."

"களவு?" ஈனக்குரலில் கேட்டார் சோமசேகரம்.

"வெட்டவேண்டாம் எண்டனீங்களே. கரண்ட் களவு எண்டு போட்டிருக்கிறன்!"

பின்னேரமே தவராசா வெளியே வந்தான். தங்கரத்தினம் அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு திரும்பவும் அழுதாள். பரீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

"மேடம்... கறிக்காளானை மட்டும் திருப்பித் தருவினமோ?" என்றான் தவராசா.

"இனிமேல் கடையில வாங்குங்கோ! இல்லாட்டி உத்தரவு கேட்டுப் புடுங்குங்கோ!"

ஜீப்பில் ஏற்றப்பட்ட சோமசேகரம் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"தங்கச்சி... நான் இண்டுவரைக்கும் ஒரு வழக்கும் தோத்ததில்லை. என்ர வழக்கையும் நீங்களே பேசுங்கோ!"

பரீதா கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டாள்.

"நான் பேச என்ன ஐயா இருக்கு? அதைத்தான் நீங்களே பேசி முடிச்சிட்டீங்களே!"