நேர்காணல் நாளில் மட்டும்

"நேரம் பார்த்துச் சாகற இன்டர்நெட்டை எங்கேயாவது பார்த்திருக்கியாம்மா?"

ரகுநந்தன் கேட்டபோது காந்திமதி மாடிப்படியில் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் அவருடைய வீட்டு மாடியறையில் அவளும் கூட வேலை பார்த்த அன்னக்கிளியும் குடியிருந்தார்கள். செல்போன் தொழிற்சாலை மூடியதில் மூவருக்குமே வேலை போயிருந்தது. அவர் அங்கே இன்ஜினீயர். காந்திமதி, பழுதான போன்களைச் சோதித்துக் காரணம் சொல்கிறவள்.

பூனாவில் ஒரு கம்பெனி அவரை வீடியோவில் இரண்டு முறை நேர்காணல் செய்தது. இரண்டு முறையும் பாதியில் அறுந்துபோயிற்று. இன்றும் அதே பதினோரு மணிக்குக் கடைசி வாய்ப்பு.

"மத்த நாள்லாம் ஜோரா ஓடறது. லைன்மேன் வந்து, 'லைனு சூப்பரா கீது சார், உன் கம்ப்யூட்டர்தான் டொக்கு'ன்னுட்டுப் போயிட்டான்."

"பின்னறையில குடியிருக்க பயலுவதான் அக்கா! நம்ம சார் நெட்டுல படம் இறக்குதானுவ," என்று அன்னக்கிளி துள்ளினாள்.

"பதினோரு மணிக்கு அவனுவ ஷிப்ட்ல இருப்பானுவ, கழுதை," என்றாள் காந்திமதி. "மழையில லைன் நனைஞ்சிருக்குமோன்னா, போன வாரம் பூரா மழை. அப்ப ஓடிச்சா சார்?"

"நன்னா ஓடித்து."

காந்திமதி கூடத்துக்கு வந்து ஒயரைப் பார்த்தாள். வாசல் நிலைக்கு மேலே அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, பேச்சையும் நெட்டையும் தனித்தனியாகப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் என்கிற சின்ன வெள்ளைப் பெட்டிக்கு இறங்கி, அங்கிருந்து மோடத்துக்கும் கூடத்துப் போனுக்கும் போயிற்று. இன்னொன்று, சுவரோடு சுவராகச் சுண்ணாம்பு பூசப்பட்டு, சமையலறைக்குள் நுழைந்தது.

"மடியா இருக்கேன், இந்தப் பக்கம் வந்துடாதீங்கோ," என்று ரகுநந்தனின் தாயார் ஹேமாம்புஜம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேர்காணல் தொடங்கியது. பூனாக்காரர் சிரித்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே திரையில் நின்றது. ரகுநந்தன் மோடத்தை அணைத்துப் போட்டார். மறுபடி போட்டார்.

"போனை எடு," என்றாள் காந்திமதி.

அன்னக்கிளி கூடத்துப் போனைக் காதில் வைத்தாள். "டயல் டோன் கேக்கு அக்கா. அதுக்குள்ள... அய்யோ, கடுகு வெடிக்கி!"

காந்திமதி சமையலறை வாசலுக்கு ஓடி, நிலைப்படியில் நின்றுவிட்டாள். அதற்கு மேல் அவளால் போக முடியாது. கதவைத் தட்டினாள். "அம்மா! போனை வையுங்கம்மா!"

"ரசத்தை இறக்கிட்டு வரேன், இரு."

கதவு திறப்பதற்குள் ரகுநந்தனின் செல்போன் அடித்தது. பூனாக்காரர்தான். அவர் ஒரே ஒரு தடவை "ஓகே சார்" என்றார்.

பிறகு காந்திமதியைப் பார்த்தார். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"உள்ள இருக்க போன் இந்த வெள்ளப் பெட்டி வழியா வரல சார். அத எடுத்தா நெட் செத்துரும். நீங்க சும்மா வேகம் பாக்குத அன்னிக்கு அது வச்சபடி இருக்கும்."

"அது மடிப் போன். அம்மாவைத் தவிர யாரும் தொடமாட்டோம். லைன்மேனைக்கூட உள்ள விடலை. ஆனா இந்த வேளையில அம்மா யாரோடயும் பேசமாட்டாளே!"

"பேசல. பேசியிருந்தா ஆள் குரல் கேக்கணும்லா? டயல் டோன்தான் கேட்டுச்சு. எடுத்துச் சும்மா கீழ வச்சிருக்காங்க."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. கரண்டியோடு வாசலில் நின்ற ஹேமாம்புஜம் தானே சொன்னாள்.

"நீ பேசறச்சே யாராவது கூப்பிட்டு மணி அடிச்சா உனக்கு இடைஞ்சலாச்சேடா. அதான், ஒவ்வொரு தடவையும் எடுத்து வச்சேன்."

அன்னக்கிளி போனை மெதுவாக வைத்தாள்.

"ரகு, போயிடுத்தாடா? என்னாலயாடா? திரும்பக் கூப்பிட்டு, அம்மாதான் தெரியாம பண்ணிட்டான்னு சொல்லேன். நான் வேணா சொல்லட்டுமா?"

ரகுநந்தன் மடிக்கணினியை மூடினார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தவர், மேல் பொத்தானைக் கழற்றினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.