கைநாட்டு வைத்த பிணம்

"ஐயோ... கொலை!"

கத்தியவர் வீட்டுக்காரர்.

மாடி போர்ஷனில் குடியிருந்தவன் ஹாலில் மல்லாந்து கிடந்தான். மார்பில் கத்தி. சட்டை முழுக்கச் சிவப்பு!

வீட்டுக்காரர் கையில் ஒரு நோட்டீஸ். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். நாலு மாத வாடகை பாக்கி. கேட்டால் "சம்பளம் வரலை சார்" என்பான். என்ன வேலை என்றால் "டிவி லைன் சார்" என்பான்.

வாடகையைக்கூட விட்டுவிடலாம். அக்காவை?

ஞாயிற்றுக்கிழமை அக்கா பெட்டி படுக்கையோடு வருகிறாள், நிரந்தரமாக! "மாடி காலியா இருக்கணும்டா!" என்று உத்தரவு. பேரன் எடுத்த பிறகும் அக்கா குரல் கேட்டால் அவர் எழுந்து நின்றுவிடுவார்.

வக்கீல் மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான்... மாடிக்காரன் செத்துக் கிடக்கான்டா!"

"அடக் கடவுளே! நோட்டீஸை வாங்கினானா?"

"செத்துட்டான்டா!"

"அதான் மாமா... சாகறதுக்கு முன்னாடி வாங்கினானா? தலபாடா அடிச்சுக்கிட்டேனே! தண்ணியை நிறுத்தாதீங்க, பூட்டை மாத்தாதீங்க, நோட்டீஸைக் குடுத்துக் கையெழுத்து வாங்குங்கன்னு! இப்ப அவன் தம்பின்னு எவனாவது வந்து, 'எங்களுக்கு நோட்டீஸே வரலை'ன்னு மாடியில உக்காந்துப்பான். முதல்ல போலீஸைக் கூப்பிடுங்க!"

கூப்பிடலாம்... ஒரு நிமிஷம் கழித்து!

பத்திரப் பதிவு ஆபீசில் ஆயுசு முழுக்கக் கைநாட்டு வாங்கியவர் அவர். ரிடையரான பிறகும் ஸ்டாம்ப் பேட் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த கிழவர்களிடம் எத்தனை வாங்கியிருக்கிறார்! இவன் கொஞ்சம் கூடுதலாகப் படுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

பிணத்தின் இடது கையைப் பிடித்தார். கட்டைவிரலை மையில் உருட்டினார். விறைப்பாக இருந்தது.

"விரலைத் தளர்த்தியா விடுங்க..." பழக்கதோஷம்.

விரல் தளர்ந்தது!

வீட்டுக்காரர் அலறியடித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"சாரி சார்... யார் என்ன சொன்னாலும் உடனே செஞ்சு பழகிடுச்சு. சீரியல்ல எனக்குப் பொண வேஷம்தான். இப்பல்லாம் கதையில யாருமே சாகறதில்லை, அதான் வாடகை லேட்டு."

"ராஸ்கல்! உன்னைப் போலீஸ்ல..."

"என்னை ஏன் சார் திட்டறீங்க? அம்மாதான் படுக்கச் சொன்னாங்க!"

"எந்த அம்மா?"

மாடிக்காரன் வாசலைக் காட்டினான். வீட்டுக்காரரின் மனைவி நின்றிருந்தாள். முகத்தில் துளிப் பதற்றம் இல்லை!

"நீயா?!"

"நானேதான். உங்க அக்கா வந்தா உங்களுக்கு மாடி வாடகைதான் போகும். எனக்கு உசுரே போயிடும்! கல்யாணமான புதுசுல அவங்ககிட்ட பட்டது போதாதா? நான் வெச்ச சாப்பாட்டை ஒரு நாளாவது குத்தம் சொல்லாம சாப்பிட்டிருக்காங்களா?"

அவள் குரல் உடைந்தது. வீட்டுக்காரருக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே..."

"சொன்னேன். 'நீயே அக்காகிட்ட பேசிக்கோ'ன்னு பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டீங்க!"

உண்மை. அவர் தலையைச் சொறிந்தார்.

"சரி... இப்ப அக்காகிட்ட நான் என்னடி சொல்லுவேன்?"

"மாடியில கொலை விழுந்துடுச்சு, யாரும் குடிவர முடியாதுன்னு சொல்லுங்க. பின்னே எதுக்கு இவ்வளவு ஏற்பாடு? நம்பலேன்னா போட்டோ அனுப்புங்க!"

வீட்டுக்காரர் யோசித்தார். அக்காவின் குரலை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். நோட்டீஸை நாலாகக் கிழித்துவிட்டு, போனில் கேமராவைத் திறந்தார்.

மாடிக்காரன் மறுபடி மல்லாந்து, கத்தியை நேராக்கிக்கொண்டான்.

"கண்ணு மூடியா, திறந்தா சார்? திறந்த கண்ணுன்னா ரேட்டு ஜாஸ்தி... ரெண்டு மாச வாடகையைக் கழிச்சுக்கணும்!"