பச்சைக் கோடுகள் பொய் சொல்லும்!

பிணம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

கண்கள் திறந்திருந்தன. அவை கடைசியாகப் பார்த்த பொருள் ஒரு கணினித் திரை...

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலையின் கட்டுப்பாட்டு அறை அது. மருந்து சமைக்கும் ரியாக்டர் எல்லை மீறிச் சூடேறி, நச்சு ஆவி கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்தபோது, ஆபரேட்டர் ஃபெலிக்ஸ் ஓட முயலவே இல்லை.

அவர் ஏன் ஓட வேண்டும்? எழுபத்திரண்டு டிகிரிதான் என்று திரை உறுதி கூறிக்கொண்டிருந்ததே!

உண்மை வெப்பம்... நூற்று நாற்பது!

மறுநாள் காலை, மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாம் தளத்திலிருந்த கணினி நிறுவனத்துக்குள் இன்ஸ்பெக்டர் நாராயணஸ்வாமி நுழைந்தார். பாட்டனார் காலத்திலேயே திருமுல்கேரி ராணுவக் குடியிருப்புக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழ் பேசுவார், இடையிடையே ஹைதராபாத்தும் உருதுவில் பேசும்.

"சுபாஸ்ரீ யாரு?"

தூத்துக்குடியிலிருந்து வந்த அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"நான்தான் சார்."

"கிளம்பும்மா, ஸ்டேஷனுக்கு."

"எதுக்கு சார்?"

"நேத்து பட்டான்செருல ஒருத்தன் செத்துட்டான். உன்னாலயாம்!"

அவள் கையிலிருந்த டீயை மேசையில் வைத்தாள்.

அந்த ஆலையின் கணினிகள் இந்த நிறுவனம் செய்து கொடுத்தவை. அவற்றின் திரைகளை இயக்கும் டிஸ்ப்ளே டிரைவர் என்ற நிரல் சுபாஸ்ரீயின் பராமரிப்பில் இருந்தது. டிரைவர் குடியிருக்கும் இடம், கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் உள்ளறை. ஒற்றுப் பிழையை வாசகர் மன்னித்துவிடுவார். (மன்னிக்கக் கூடாது!) கெர்னல் மன்னிக்காது. அங்கே ஒரு வரி பிசகினால் கணினி முழுவதும் பிசகும்.

"யார் சார் சொன்னது என்னாலன்னு?"

"நான்தான் சொன்னேன், சுபா."

கண்ணாடி அறையின் கதவைத் திறந்துகொண்டு ஷ்யாம் வெளிப்பட்டான்.

டிஸ்ப்ளே பிரிவின் தலைவன். அவனுடைய பதவிப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலாது; அவனுடைய அறிவோ ஒரு தும்மலுக்குள் அடங்கிவிடும். அவன் கடைசியாக எழுதிய நிரல் எது என்பது எவருக்கும் தெரியாது... அவனுக்கும்தான்! பிறர் எழுதியவற்றைக் கூட்டம் போட்டு விளக்குவதே அவன் தொழில். அவன் விளக்கிய பிறகு, முன்பு விளங்கியிருந்தவர்களுக்கும் விளங்காமற் போகும்.

"ஸாரி. என்னால மறைக்க முடியாது. போன வாரம் நீ டிரைவர்ல ஒரு ஃபிக்ஸ் போட்டே. அதுதான் ஸ்கிரீனை உறைய வெச்சிருக்கு."

"அது திரை நடுங்குறதை நிறுத்தப் போட்ட ஃபிக்ஸ் சார். உறையறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைக் கோர்ட்ல சொல்லு."

"நீங்க அந்த ஃபிக்ஸைப் படிச்சுப் பார்த்தீங்களா?"

"படிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஆதாரம் இருக்கே! வாங்க கிருஷ்ணபிரசாத் சார்..."

ஆலை மேலாளர் கிருஷ்ணபிரசாத் முன்னே வந்தார். நேற்று இறந்தவருக்காக இன்று அழ அவருக்கு நேரமில்லை. இன்ஷூரன்ஸ்காரரிடம் போனில் பேச மட்டும் நேரம் இருந்தது. பேசியபடியே ஒரு தாளை நீட்டினார்.

தாளில் ஒரு படம். குறுக்கும் நெடுக்குமாகப் பச்சைக் கோடுகள். அவற்றின் நடுவே... 72!

"பாரும்மா! ஆவி அடங்கினதும் மாஸ்க் மாட்டிக்கிட்டு நானே உள்ள போனேன். ரியாக்டர் மீட்டர் நூத்தி நாப்பதுல நிக்குது. உங்க ஸ்கிரீன் எழுபத்திரண்டுலயே நிக்குது, இந்தப் பச்சைக் கோட்டோட! உடனே பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனைத் தட்டி, பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டேன். கொஞ்ச நேரத்துல ஆவி பட்ட அந்த மெஷினும் செத்துப்போச்சு. மிச்சம் இருக்கிறது இந்தப் படம் ஒண்ணுதான்."

சுபாஸ்ரீ படத்தை உற்றுப் பார்த்தாள்.

பிறகு... சிரித்தாள்!

"கைக்கு... எதுக்கும்மா சிரிக்கிறே?" இன்ஸ்பெக்டர் சீறினார். "ஒரு ஆள் செத்திருக்கான்! கேஸ் நிரூபணமாச்சுன்னா நீ ஜெயிலுக்குப் போகணும், தெரியுமா?"

"தெரியும் சார். ஒரே ஒரு கேள்வி. கிருஷ்ணபிரசாத் சார், இது போன்ல எடுத்த போட்டோவா, ஸ்கிரீன்ஷாட்டா?"

"ஸ்கிரீன்ஷாட்தான்மா. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா நான்?"

"அப்ப என் டிரைவர் மேல தப்பு இல்ல."

"என்ன உளர்றே?" ஷ்யாம் பாய்ந்தான். "படத்துலயே கோளாறு பல்லை இளிக்குது!"

"இன்ஸ்பெக்டர் சார், பிரியாணி சாப்பிடுவீங்களா?"

"ஹைதராபாத்ல இருந்துக்கிட்டு சாப்பிடாம?"

"ஹோட்டல் சமையல்கட்டுல அண்டா இருக்கு. அதுலேருந்து தட்டுல எடுத்துட்டு வந்து உங்க டேபிள்ல வைக்கிறது சர்வர். வழியில சர்வர் தட்டைக் கவுத்துட்டா, அண்டாவுல இருக்கிற பிரியாணி கெடுமா?"

"அது எப்படிக் கெடும்?"

"கம்ப்யூட்டர் முதல்ல மெமரியில படத்தை வரையும். அதுதான் அண்டா. அங்கேருந்து கண்ணாடிக்குக் கொண்டு வர்ற சர்வர்தான் என் டிரைவர். ஸ்கிரீன்ஷாட் எங்க எடுக்கிறது தெரியுமா? டேபிள்ல இல்ல சார்... அண்டாவுல!"

நாராயணஸ்வாமியின் புருவங்கள் உயர்ந்தன.

"என் டிரைவர் கெட்டிருந்தா கண்ணாடிலதான் கோடு தெரியும். ஸ்கிரீன்ஷாட் சுத்தமா, நூத்தி நாப்பதுன்னு சரியா வந்திருக்கும். இதுல அண்டாவுலயே கோடு இருக்கு, பழைய நம்பர் இருக்கு. அப்படின்னா..."

"சமையல்காரன் வேலை!"

"ஆமா சார். யாரோ ஒரு புரோகிராமை உள்ள அனுப்பி, உண்மையான நம்பர் மேல பழைய படத்தை ஒட்டிட்டாங்க. டிரைவர் கோளாறு மாதிரி தெரியணும்னு அதுமேல கோடும் வரைஞ்சிருக்காங்க."

இன்ஸ்பெக்டரின் கை கிருஷ்ணபிரசாத்தின் சட்டைக் காலரைப் பற்றியது.

"யோவ்! பொய்ப் படமா குடுக்கிறே?"

"ஐயையோ! சத்தியமா பட்டனைத் தட்டினதோட சரி! எனக்கு கோலம் போடவே வராது சார், கோடு எங்க போடப் போறேன்?"

"அவரை விடுங்க சார்," என்றாள் சுபாஸ்ரீ. "அவர் நிஜம்தான் சொல்றார். உள்ளேருந்தோ வெளியிலேருந்தோ அந்த மெஷினுக்குள்ள புரோகிராம் ஏத்தணும்னா பாஸ்வேர்டு வேணும். அது ரெண்டே பேர்கிட்டதான் இருக்கு."

"யார் யாரு?"

"நான் ஒண்ணு."

அவள் பார்வை மெதுவாகத் திரும்பியது. ஷ்யாமிடம் வந்து நின்றது.

"வாட் நான்சென்ஸ்!"

"போன மாசம் கெர்னலைப் பார்த்துக்கிற ஆட்கள் இந்த டிரைவரோட பொறுப்பை உங்க பேர்லேருந்து என் பேருக்கு மாத்தினாங்க. அன்னிலேருந்து நீங்க என்கிட்டப் பேசறதில்ல. நான் செய்யணும்னு நினைச்சிருந்தா டிரைவரையே கெடுத்திருப்பேன் சார். படத்து மேல கோடு வரையறவன் டிரைவர்னா என்னன்னே தெரியாதவன்!"

தடுப்புகளுக்கு மேலே தலைகள் முளைத்தன. அலுவலகம் முழுவதும் மூச்சு விடாமல் பார்த்தது.

நாராயணஸ்வாமி தலையைச் சொறிந்தார். சந்தேகம் இருக்கிறது, சாட்சியம் இல்லை. திடீரென்று அவர் குரல் குழைந்தது.

"நக்கோ... வேணாம்மா, பெரிய ஆளை அப்படிச் சொல்லாதே. ஷ்யாம் சார்... நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட். ஸ்கிரீன்ஷாட்ல டிரைவர் கோளாறு விழாதுன்னு இந்தப் பொண்ணு சொல்லுதே, அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது!

அந்த நான்கெழுத்து எதிர்மறை வினைமுற்று ஒன்று போதும். சொல்லியிருந்தால் அவன் வெறும் முட்டாள். முட்டாளாக இருப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. ஆனால், தடுப்புகளுக்கு மேலிருந்த அத்தனை கண்களும் அவனையே பார்த்தனவே!

ஷ்யாம் டையைச் சரிசெய்துகொண்டான்.

"தெரியாதாவது! பதினாறு வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன். இதெல்லாம் எனக்கு அ, ஆ மாதிரி. அந்தப் படத்தைப் பார்த்த செகண்டே தெரியும்!"

"ஹவ்... அப்படியா! பார்த்த செகண்டேவா?"

"பார்த்த செகண்டே!"

"பதினாறு வருஷ அனுபவம்னா சும்மாவா? கை குடுங்க சார்!"

ஷ்யாம் பெருமிதத்துடன் வலக்கையை நீட்டினான்.

க்ளிக்!

விலங்கு மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்தது.

"எ... என்ன இது?"

"டிரைவர் மேல தப்பு இல்லன்னு பார்த்த செகண்டே தெரியும். தெரிஞ்சே எனக்குப் போன் பண்ணி, இந்தப் பொண்ணைப் பிடிச்சுட்டுப் போகச் சொன்னீங்க. கைக்கு சார்? படத்தை வரைஞ்சவனைத் தவிர வேற எவனுக்கு அது தேவை?"

ஷ்யாமின் முகம் வெளிறியது. உதடுகள் கோணின.

"ஃபெலிக்ஸ் சாவான்னு நினைக்கல சார்... கொஞ்ச நேரம் ஸ்கிரீன் நின்னா இவ பேர் கெடும், பொறுப்பு என்கிட்ட திரும்பி வந்துடும்னுதான்... அதுக்குள்ள சூடு ஏறிடுச்சு..."

"அந்தக் கொஞ்ச நேரத்துல ஒரு உயிர் போச்சு. நடங்க."

லிஃப்ட் வரை இழுத்துச் செல்லப்பட்ட பிறகுதான் அவனுக்குத் தப்பிக்கும் வழி புரிந்தது. தளமே அதிரும்படி அலறினான்.

"இன்ஸ்பெக்டர்! பொய் சொல்லிட்டேன்! எனக்கு நிஜமா டிரைவரைப் பத்தி ஒண்ணுமே தெரியாது சார்!"

நாராயணஸ்வாமி லிஃப்ட் பொத்தானை அழுத்தினார்.

"பரவால்ல சார்... ஜீப்புக்கு டிரைவர் நாங்களே வெச்சிருக்கோம்!"