மருத மரத்தில் அறுந்த ஊஞ்சல்கள்

காலை ஆறரை மணி. திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்ட வந்த பெண்கள் ஆற்றோரப் பூங்காவின் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கும்புக் என்று ஊரார் சொல்லும் மருத மரத்தில் ஒரு ஊஞ்சல்கூட மிச்சமில்லை. கிளையை ஒட்டிக் கயிறுகளை யாரோ வெட்டியிருந்தார்கள்.

கரவனெல்லைக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டம் அது. ஆற்றோர மணல் குழியில் ஒரு பிள்ளை மூழ்கிச் செத்த பிறகு, லயத்து வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளர்கள் மணல் அள்ளுவதை நிறுத்தி, சிரமதானமாகக் கூலியின்றிக் கூடி உழைத்து உருவாக்கிய பூங்கா.

பொலிஸ் சார்ஜன் கிருஷ்ணகுமாரி வந்தபோது காவலாளி யோகராஜைக் கூட்டம் சூழ்ந்திருந்தது.

"ஏணி இல்லாம அந்தக் கிளை எட்டாது மிஸ். ஏணி அறைச் சாவி இவருகிட்டதான் இருக்கு," என்றார் பூங்காக் குழுத் தலைவர் நல்லையா. "நேத்துப் பொழுது சாயிறப்ப ஊஞ்சல் இருந்துச்சு. நானே பாத்தேன்."

"ராத்திரி எங்க இருந்தீங்க?" என்று அவள் யோகராஜிடம் கேட்டாள்.

"ஆறு பெருகி பார்க்குக்குள்ள ஏறிருச்சுங்க. மேட்டு லயத்துல இருந்தேன். விடியிறப்பதான் தண்ணி வடிஞ்சிச்சு." யோகராஜ் கைகூப்பினார். "வேலையும் வீடும் போயிரும் மிஸ். நான் செய்யலைங்க."

"யாராச்சும் உள்ள போனீங்களா?"

"இல்லை" என்றார்கள் பெண்கள்.

கிருஷ்ணகுமாரி வேலியோரமாகவே நடந்து பார்த்தாள். வெள்ளம் விட்டுப்போன சேறு வழித்த மாவுபோல் கிடந்தது. மரத்தில் ஆள் உயரத்துக்கு வண்டல் கோடு படிந்திருந்தது. அதற்கு மேலே இன்னும் ஓர் ஆள் உயரத்தில்தான் கிளை.

அந்தப் பக்கத்தில் வள்ளம் வைத்திருந்தவன் அஜந்தன் ஒருவன்தான். முன்பு அந்தப் படகில் மணல் ஏற்றியவன். அவள் போனபோது, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த தன் வீட்டு முற்றத்தில் வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். வள்ளத்துக்குள்ளே வெட்டுண்ட பச்சைக் கிளையொன்று இலைகளோடு கிடந்தது.

"ராத்திரி வள்ளத்த எடுத்தீங்களா?"

"வெள்ளத்துலயா? கொட்டகைக்குள்ள பூட்டியிருந்தேன் மிஸ். இப்பத்தான் வெளிய இழுத்தேன்."

"சரி, என்கூட வாங்க."

பூங்கா வாசலில் எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

"தண்ணி நிக்கிறப்ப இங்க ஏணி போட முடியாது. வடிஞ்ச பொறகு போட்டிருந்தா சேத்துல தடம் இருக்கணும். ஒரு கால் தடம்கூட இல்ல. வெட்டினவரு வெள்ளத்துல வள்ளத்தோட வந்து, அதுல நின்னே எட்டி வெட்டியிருக்காரு. வெள்ளம்தான் அடிச்சிட்டுப் போச்சுன்னு நினைப்பாங்கன்னு கணக்கு." அஜந்தன் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டச் சுத்தி ரப்பர் மட்டுந்தான். பூட்டுன கொட்டகைக்குள்ள இருந்த வள்ளத்துல கும்புக் கிளை எப்படி வந்துச்சு?"

அஜந்தன் தலை குனிந்தான்.

"நான் மணல் ஏத்துன துறை மிஸ் இது. பார்க் வந்து என் பொழப்பு போச்சு."

"ஒரு புள்ள உசிரும் போச்சு," என்றாள் அவள். அவனை ஜீப்பில் ஏற்றினாள்.

அன்று மாலையே புதுக் கயிறு கட்டினார்கள். நல்லையா எல்லார் முன்னிலையிலும் யோகராஜிடம் மன்னிப்புக் கேட்டு, நாடா வெட்டும் கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தார். யோகராஜ் வாங்கிக்கொண்டார். ஆனால், உடனே வெட்டவில்லை. தூறலில் நனைந்தபடி லயத்திலிருந்து ஓடி வந்த கடைசிப் பிள்ளையும் வந்து சேரும்வரை காத்து நின்றார்.