வெள்ளி மொட்டில் வேறு வாசம்

காலை ஏழு மணிக்கு ஜெஸிந்தா முதல் மிடறை உறிஞ்சினாள். அடுத்த நொடியே துப்பினாள்.

தேநீரில் பெயிண்ட் வாசம் அடித்தது.

கோப்பையைக் கழுவி, வேறு தட்டிலிருந்து மொட்டுகளை எடுத்துப் போட்டு, மறுபடி வெந்நீர் ஊற்றினாள். அதே வாசம். சமையலறை டப்பாவிலிருந்த சாதாரணத் தூளை அதே தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். அது நன்றாகவே இருந்தது. ஆக, தண்ணீரில் குற்றமில்லை. கெட்டுப்போனது ‘வெள்ளி மொட்டு’ மட்டும்தான்.

குன்னூரைத் தாண்டிய சரிவில் ஜெஸிந்தா நடத்துவது சின்னத் தேயிலை ஃபேக்டரி. ஜனவரிப் பனியில், விடியுமுன் கிள்ளிய இளமொட்டுகளைப் பக்குவமாகக் காயவைத்து அந்தத் தேயிலையைச் செய்திருந்தாள். பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர்களும் டிவிக்காரர்களும் வருகிறார்கள். கூடவே கொச்சியிலிருந்து ஓர் ஏற்றுமதிக்காரர். அவர் ஒப்புக்கொண்டால் ஃபேக்டரி ஓடும். இல்லையென்றால் மார்ச்சோடு மூடிவிட வேண்டியதுதான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரமாகத் தூக்கமும் இல்லை.

“என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றபடி தம்பி லெஸ்லி வந்தான். கோயம்புத்தூரில் விளம்பர ஏஜென்சி வைத்திருப்பவன். விழா ஏற்பாடு முழுக்க அவனுடையது.

அவள் கோப்பையை நீட்டினாள். மோந்து பார்த்தவன் முகம் வெளுத்தது. பிறகு, வேண்டியதற்கு மேலேயே சத்தமாகச் சொன்னான்.

“மண்ணெண்ணெய்க்கா! மாரிச்சாமி வேலைதான் இது.”

மாரிச்சாமி பம்பு செட்டையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்பவர். போன வாரம், கூடலூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க லீவு கேட்டார். விழா முடியட்டும் என்று ஜெஸிந்தா மறுத்துவிட்டாள். “வெளம்பரத்துக்குத்தான் ஃபேக்டரி நடக்குதுங்களா?” என்று அவர் எல்லோர் முன்னாலும் கேட்டது உண்மை. அது ஜெஸிந்தாவுக்குச் சுருக்கென்று தைத்ததும் உண்மை.

அவள் யோசித்து முடிப்பதற்குள் லெஸ்லி வெளியே போய்விட்டான். ஜெனரேட்டருக்கு ஊற்ற மண்ணெண்ணெய் கேனும் கையுமாக நின்ற மாரிச்சாமியைப் போனில் படம் பிடித்தான். ‘தேயிலையில் விஷம், தொழிலாளி சிக்கினார்’ என்று தலைப்பும் போட்டு, நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தட்டிவிட்டான். அப்புறம்தான் போலீசுக்குப் போன் செய்தான்.

“டேய், ஏன்டா அதுக்குள்ள அனுப்பினே?”

“வெறும் டீ குடிக்க எவன்க்கா கேமரா தூக்கிட்டு வருவான்? இப்ப பாரு, சென்னையில இருந்தே கூப்பிடுவாங்க.”

எட்டு மணிக்கு ஜீப் வந்தது. இறங்கியவர் சப்-இன்ஸ்பெக்டர் தபித்தாள். கேட்டில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே ஜெஸிந்தாவின் படம் போட்ட பெரிய பேனர் தாழத் தொங்கியது. மூங்கிலிலிருந்து ஒரு துளி தபித்தாளின் தொப்பியில் சொட்டியது. பேனரைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

ருசி பார்க்கும் அறை சிறியது. மேஜை மேல் வரிசையாக நான்கு மூங்கில் தட்டுகள், மேலே மெல்லிய துணி. ஒரு கோடியில் ஜன்னல், மறுகோடியில் மர அலமாரி.

“ராத்திரி பூரா இப்படித் தெறந்தா கெடந்துச்சு?”

“டப்பாவுலதான் இருந்துச்சுங்க மேடம். தட்டுல பரப்பி வெச்சா படத்துக்கு நல்லா இருக்கும்னு தம்பி சொன்னான். நேத்து சாயங்காலம் பரப்பினோம்.”

“ரூமைப் பூட்டினது?”

“நான்தானுங்க. ஒம்பது மணிக்கு. சாவி என் தலகாணிக்கு அடியில இருந்துச்சு. காலைல கோப்பை அடுக்கணும்னு இவன் கேட்டான், ஆறு மணிக்குக் குடுத்தேன்.”

லெஸ்லி குறுக்கே வந்தான். “அந்த ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சிருக்கு பாருங்க. அது வழியா மண்ணெண்ணெய் தெளிச்சிருக்கான்.”

தபித்தாள் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து மோந்தார். ஜன்னலோரத் தட்டில் வாசம் லேசாக இருந்தது. போகப் போக ஏறியது. அலமாரியோரத் தட்டில் மூக்கைத் துளைத்தது. அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தரைத் தூசியில், யாரோ துடைத்தது போல் நீளமாக ஒரு தடம்.

வெளியே மாரிச்சாமி ஜீப்போரம் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

“கையக் காட்டுங்க.”

நீட்டினார். தபித்தாள் மோந்து பார்த்தார். மண்ணெண்ணெய்தான்.

“ராத்திரி எங்க இருந்தீங்க?”

“ஊட்லதானுங்க. பொழுதோட ரூமைப் பெருக்கிட்டுப் போனேன். அப்புறம் இந்தப் பக்கமே வரலீங்க.”

“போனை ஏன் எடுக்கலை?”

“கூடலூர்ல இருக்கற எம் மகதானுங்க அது. அவ மாமியார் ஊட்ல அந்தப் படத்தைப் பாத்துட்டாங்களாமா. எடுத்து நான் என்னத்தச் சொல்றதுங்க?”

தபித்தாள் லெஸ்லியிடம் திரும்பினார். விசாரணை முடிந்துவிட்டது போன்ற சாவகாசமான குரல்.

“பேனர் ஜோரா இருக்கே. எப்பக் கட்டினீங்க?”

“நேத்துப் பொழுது சாயறப்பவே கட்டிட்டேனுங்க. ராத்திரி பூரா அங்கதான் தொங்குச்சு.”

“சரி. ரெண்டு பேரும் உள்ள வாங்க.”

மணி ஒன்பதரை. கொச்சிக்காரர் குன்னூர் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. தபித்தாள் கதவைச் சாத்தினார்.

“மாரிச்சாமி பண்ணலை. ஜன்னல் வழியா தெளிச்சிருந்தா ஜன்னலோரத் தட்டுதான் முதல்ல கெட்டிருக்கணும். இங்க அலமாரியோரத் தட்டுதான் ரொம்பக் கெட்டிருக்கு. வாசம் வெளியில இருந்து வரலை. ராத்திரி பூரா ரூமுக்குள்ளயே இருந்திருக்கு. அம்மா, நீங்களேதான் அதை உள்ள வெச்சுப் பூட்டியிருக்கீங்க.”

“நானா?”

“உங்களுக்குத் தெரியாது.” தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நான் வந்தப்ப இதுல ஒரு துளி சொட்டுச்சு. மூங்கில்ல ராத்திரிப் பனி தேங்கிச் சொட்டுது. ஆனா பேனர்ல உரசினப்ப என் தோள்ல ஈரமே படலை. ராத்திரி பூரா வெளிய தொங்கின பேனர்ல பொட்டு ஈரம் இல்லாம இருக்குமா? அதை இன்னிக்குக் காலைலதான் கட்டியிருக்கு. அப்ப ராத்திரி எங்க இருந்துச்சு?”

அலமாரியின் பின்பக்கத்தைக் காட்டினார். “சுருட்டி அங்க நிறுத்தியிருந்திருக்கு. தூசியில தடம் இருக்கு. புது ஃப்ளெக்ஸ், மை வாசமே இன்னும் போகலை. டீத்தூள் பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசத்தை இழுத்துக்கும்னு நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?”

ஜெஸிந்தா தம்பியைப் பார்த்தாள். “துணி பேனர்னுதானடா சொன்னே?”

லெஸ்லி தலையைக் குனிந்தான். “துணியில உன் மொகம் எடுப்பா வரலைக்கா. மலையில பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸ் வைக்க விடமாட்டாங்க. நகராட்சிக்காரங்க சாயங்காலம் ரோந்து வருவாங்கன்னாங்க. பூட்டற ரூம் இது ஒண்ணுதான், அதான் ஒளிச்சு வெச்சேன். காலைல கட்டிட்டு, விழா முடிஞ்சதும் கழட்டிடலாம்னு...”

“தெரியாமப் பண்ணினது அது,” என்றார் தபித்தாள். “கோப்பையை மோந்ததுமே உங்களுக்கு வெளங்கிருச்சு. அதுக்கப்புறம் அந்த மனுசனைப் படம் பிடிச்சீங்களே, அது தெரிஞ்சு பண்ணினது. இப்ப அந்தாள் கேஸ் குடுத்தா உங்க மேலதான் எழுதணும்.”

லெஸ்லி அவசரமாகப் போனை எடுத்துப் படத்தை அழித்தான். அதற்குள் அது எத்தனையோ குழுக்களுக்குப் போயிருந்தது.

பத்து மணி. கேட்டில் கார்கள் வந்து நின்றன. லெஸ்லி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். “வெளிய சொல்லிடாதேக்கா. போட்டிக்காரன் எவனோ பண்ணிட்டான்னு பொதுவா சொல்லிக்கலாம். நம்ம பேனர்தான் டீயக் கெடுத்துச்சுன்னு தெரிஞ்சா சிரிப்பாச் சிரிக்கும். ஃபேக்டரி மானமே போயிடும்.”

மானம் போகும் என்று அவன் சொன்னதில் பொய்யில்லை. மூன்று வருட உழைப்பு, கொச்சிக்காரர், மார்ச் மாதம் எல்லாம் கண் முன்னால் வந்து போயின. ஜீப்போரம் மாரிச்சாமியின் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். நேராக மாரிச்சாமியிடம் போனாள்.

“என்னை மன்னிச்சுக்குங்க. லீவு கேட்டப்பவே விட்டிருக்கணும். கொஞ்சம் எங்கூட வாங்க.”

மைக்குகள் முன்னால் அவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

“இன்னிக்குக் குடிக்கக் குடுக்க எங்கிட்ட டீ இல்லீங்க. எங்க வெளம்பர பேனரோட வாசம் ஏறி எல்லாம் கெட்டுப்போச்சு. கெடுத்தது நாங்களேதான். காலைல உங்க போனுக்கு வந்த படம் பொய். இவரு ஒண்ணும் பண்ணலை. டீயப் பத்தி எழுதாட்டியும் பரவால்ல, இதை மட்டும் போடுங்க. அந்தப் படம் போன எடத்துக்கெல்லாம் இதும் போகணும்.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேமராக்கள் மெல்ல மாரிச்சாமியின் பக்கம் திரும்பின.

கொச்சிக்காரர் ஒரு கோப்பையை எடுத்து மோந்து பார்த்துக் கீழே வைத்தார். “அடுத்த மொட்டு எப்போ?” என்றார்.

“பனி இப்படியே பெஞ்சா, இந்த மாசக் கடைசியிலங்க.”

“வந்ததும் சொல்லுங்க,” என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. காரில் ஏறிக்கொண்டார்.

லெஸ்லி கேட்டில் ஏணி போட்டுப் பேனரைக் கழற்றிக்கொண்டிருந்தான். மாரிச்சாமியின் சட்டைப்பையில் போன் மறுபடி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

“சொல்லு கண்ணு,” என்றார்.